கூசியின் கற்குவியலை அப்படியே விட்டுவையுங்கள்: பிரான்சின் தேசிய நினைவுச்சின்ன மையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பிரான்சு நாட்டின் தேசிய நினைவுச்சின்ன மையத்தின் தலைமைப் பொறுப்பிலுள்ளோர், கூசிக் கோட்டையின் நிர்வாகிகள், கூசி-லெ-ஷாதோ-ஓஃப்ரிக் ஊராட்சி மன்றத்தினர்.

மதிப்பிற்குரியோரே, வணக்கம்.

சுவாசோன் நகருக்கும் லான் நகருக்கும் இடையில், ஐலெத் ஆற்றின் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நிற்கும் ஒரு மேட்டுமுனையில், ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழும் சிற்றூர் ஒன்றின் எல்லைக்குள் தங்கள் பொறுப்பிலிருக்கும் கூசிக் கோட்டையைப் பற்றியே இம்மடல். அங்கு இடிந்து கிடக்கும் பெருங்கோபுரத்தை எந்தக் காலத்திலும் மறுபடி எழுப்ப முனைய வேண்டாம் என்றும், அந்தக் கற்குவியலையே ஒரு நினைவுச்சின்னமாகக் கருதி இப்போதிருப்பதைவிடக் கூடுதல் கவனத்தோடு பேணி, அதன் முழு வரலாற்றையும் ஒளிவின்றிச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொள்வதற்காக எழுதுகிறேன். பாரிசையும் அதன் சுற்றுப்புறத்தையும் வாழ்விடமாக்கிக்கொண்ட தமிழர்கள் பலர் விடுமுறை நாள்களில் இந்நாட்டின் கோட்டைகளைக் காணச் செல்கிறார்கள் என்பதாலும், இது அவர்களும் கருத்துச் சொல்ல வேண்டிய செய்தி என நான் நினைப்பதாலும், இதைத் தமிழிலேயே எழுதி எல்லோர் முன்னும் வைக்கிறேன்.

இந்த வேண்டுகோளை இப்போது வைப்பதற்குக் காரணம் உண்டு. 2019இல் தீக்கிரையான நோத்ர்-தாம் பேராலயம் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டதைக் கண்டவர்கள், இழந்த எதையும் மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கையைப் பெற்றிருக்கிறார்கள். 1840களில் பிரித்திறக்கப்பட்ட சேன்-தெனி பேராலயத்தின் வடக்குக் கோபுரத்தை மறுபடி கட்டும் பணியும் தொடங்கிவிட்டது. 1997 முதல் பர்கண்டிப் பகுதியின் கெதெலோனில், 13ஆம் நூற்றாண்டு முறைகளையே கையாண்டு ஒரு புதுக்கோட்டை எழுந்துவருகிறது. கல்தச்சும் மரத்தச்சும் இந்நாட்டில் உயிரோடிருக்கின்றன என்பதற்கு இவை சான்று. அவற்றில் உழைக்கும் கைகளை நான் வணங்குகிறேன். ஆனால் இந்த உற்சாகத்தின் அடுத்த படியாக, "கூசியின் கோபுரத்தையும் எழுப்பிவிட்டால் என்ன?" என்ற கேள்வி, அந்த இடிபாடுகளின் நடுவில் நிற்கும் எவருக்கும் இயல்பாக எழக்கூடியது. அக்கேள்விக்கு 'வேண்டாம்' என்பதே என் விடை. அதற்கான காரணங்கள் கோட்டையின் கட்டுமானத்திலும் வரலாற்றிலுமே இருப்பதால், சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

10ஆம் நூற்றாண்டில் ரெய்ம்ஸ் பேராயர் எர்வே இந்த மேட்டுமுனையில் அமைத்த அரண் முதலாவது. இன்று நாம் பேசும் கோட்டையோ மூன்றாம் ஆங்கெரான் என்ற பிரபுவின் ஆக்கம். 1220களில் தொடங்கி, அவர் மறைந்த 1242 அளவில் பெரும்பகுதி முடிந்துவிட்ட அந்த வேலையின் வேகம் வியப்பூட்டுவது. மேட்டின் முனையில் கோட்டை, அதன் முன்னே அதைவிடப் பரந்த வெளிமுற்றம், அதற்கும் முன்னே மதில் சூழ்ந்த ஊர் என மூன்று அடைப்புகள் ஒன்றையொன்று தொட்டு நின்றன. மூன்று பக்கம் சரிவு காக்க, சமதளம் வழியாக எதிரி வரக்கூடிய ஒரே பக்கத்தில் இரட்டைக் கோபுரங்களுடன் 'லான் வாயில்' எழுப்பப்பட்டது. ஆக, ஊரே கோட்டையின் முதல் மதிலாக இருந்தது. இன்றும் ஊரின் வாயில்களுக்குள் நுழைந்துதான் கோட்டைக்குச் செல்கிறோம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஒழுங்கற்ற நாற்கரமாக அமைந்த கோட்டையின் நான்கு மூலைகளிலும் நான்கு வட்டக் கோபுரங்கள் நின்றன. வேறெங்கேனும் இருந்திருந்தால் அவை ஒவ்வொன்றுமே முதன்மைக் கோபுரமாக மதிக்கப்பட்டிருக்கும். ஆனால் இங்கே ஊரை நோக்கிய பக்கத்தின் நடுவில், பிரெஞ்சில் தொன்ஜோன் எனப்படும் பெருங்கோபுரம் அவற்றையெல்லாம் சிறியனவாக்கி நின்றது. அதன் உயரம் ஏறத்தாழ 55 மீட்டர். விட்டம் 31 மீட்டரளவு. அடிச்சுவரின் தடிமன் 7 மீட்டருக்கும் மேல். பாரிசில் மன்னர் இரண்டாம் பிலிப் கட்டிய பழைய லூவ்ர் கோட்டையின் பெருங்கோபுரம் 15 மீட்டர் விட்டமும் சுமார் 30 மீட்டர் உயரமும் கொண்டது என்பதை அருகில் வைத்துப் பார்த்தால், ஆங்கெரான் எதைச் சொல்ல விரும்பினார் என்பது விளங்கும். அரசனின் கோபுரத்தைப்போல் இருமடங்கு கொண்ட ஒரு கோபுரத்தை, அரசனல்லாத ஒருவர் கட்டினார். "அரசனல்லேன், இளவரசனல்லேன், கோமகனல்லேன், நான் கூசியின் தலைவன்" என்று பொருள்படும் குடும்ப முழக்கம் பின்னாளில் அவ்வம்சத்துக்கு உரியதாகச் சொல்லப்பட்டது, அதைக் கல்லில் சொன்னது இந்தக் கோபுரந்தான்.

உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பெருங்கூடங்கள் இருந்தன. வெளியே வட்டமாகத் தெரிந்த கோபுரம் உள்ளே பன்னிரண்டு பக்கங்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மாடம் குடையப்பட்டு, மாடங்களுக்கு இடைப்பட்ட சுவர்களிலிருந்து எழுந்த கல் விலாக்கள் நடுவில் ஒரு வட்டத் துளையைச் சுற்றி இணைந்து வளைகூரையைத் தாங்கின. அந்தத் துளைகளின் வழியே பொருள்களைக் கீழிருந்து மேல்தளம்வரை ஏற்ற முடிந்தது. பேராலயம் கட்டியவர்களின் அறிவு இதில் தெளிவாகத் தெரிகிறது. லானும் சுவாசோனும் ரெய்ம்சும் தம் பேராலயங்களைக் கட்டிக்கொண்டிருந்த தலைமுறையில், அதே வட்டாரத்தில், கல் விலாக்களின் கணக்கு ஒரு போர்க் கோபுரத்துக்குள் நுழைந்தது. வாயிலின் மேலிருந்த சிற்பத்தில் ஒரு வீரன் சிங்கத்தோடு போரிட்டான்.

கட்டிய முறைக்கும் கோபுரத்தின் உடலிலேயே தடயம் இருந்தது. சுவரின் வெளிப்புறத்தில் சாரக்கட்டைகள் செருகப்பட்ட துளைகள் மட்டமான வரிசைகளாக இல்லாமல், கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி மேலேறின. சாரமே ஒரு சுருள்பாதையாக அமைந்து, கற்கள் அதன்மேல் ஏற்றப்பட்டன என்று 19ஆம் நூற்றாண்டின் கட்டடக் கலைஞர் வியொலே-லெ-தூக் அத்துளைகளிலிருந்து உய்த்துணர்ந்தார். சுவருக்குள் வளையமாக மரச்சட்டங்கள் புதைக்கப்பட்டுப் பிணைப்பு தரப்பட்டிருந்தது. மரம் காலப்போக்கில் உளுத்துப்போக, அவ்விடங்களில் வெற்றுக் குழிகளே எஞ்சின. இச்சிறு குறிப்புகளை எடுத்துச் சொல்வதற்குக் காரணம், இவற்றில் எதையும் ஒரு புதுக்கட்டடம் நமக்குச் சொல்லாது என்பதே. அது நம்முடைய கணக்கையும் நம்முடைய தச்சையும் மட்டுமே சொல்லும்.

இவ்வம்சத்தின் பிரபுக்களில் இருவரைக் குறிப்பிட வேண்டும். நான்காம் ஆங்கெரான், தன் காட்டில் வேட்டையாடினார்கள் என்பதற்காக மூன்று இளைஞர்களை விசாரணையின்றித் தூக்கிலிட்டவர். அவரைத் தன் முன் நிறுத்தி, இருவர் தனித்து மோதி வழக்கைத் தீர்த்துக்கொள்ளும் உரிமையை அவர் கேட்க, அதை மறுத்துத் தண்டித்தார் மன்னர் ஒன்பதாம் லூயி. இத்தனை தடிமனான சுவருக்குப் பின்னாலிருந்த ஒருவரையும் சட்டம் எட்டியது என்பதால், பிரெஞ்சு நீதி வரலாற்றில் அந்த வழக்குக்குத் தனி இடமுண்டு. மற்றவர் ஏழாம் ஆங்கெரான். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் மகளை மணந்தவர். 1396இல் ஒட்டோமான் துருக்கியருக்கு எதிரான நிக்கோபொலிஸ் போரில் சிறைப்பட்டு மறு ஆண்டு புர்சாவில் மாண்டவர். போர்க் கோட்டையை வாழும் அரண்மனையாக மாற்றியவர் அவரே. இடைக்காலக் கதைகள் போற்றிய ஒன்பது மாவீரர்களின் பெயரால் ஒரு பெருங்கூடமும், ஒன்பது வீராங்கனைகளின் பெயரால் இன்னொரு கூடமும் அவர் காலத்தில் அமைந்தன. அக்கூடங்களின் தாழ்வாரத்துச் சுவர்களும் நிலவறைகளும் இன்னும் நிற்கின்றன. கூசிக்கு வருவோர் கோபுரம் இருந்த இடத்தையே பார்த்துவிட்டுத் திரும்பாமல், அந்த நிலவறைகளின் வளைகூரைகளின் கீழ் சற்று நேரம் நின்றால், இக்கோட்டையின் இன்னொரு முகம் தெரியவரும்.

ஏழாம் ஆங்கெரானுக்கு ஆண் வாரிசு இல்லை. 1400இல் அவர் மகள் மரீயிடமிருந்து கூசியை வாங்கியவர் ஓர்லெயான் கோமகன் லூயி. அதே கோமகன்தான் கொம்பியேன் காட்டின் ஓரத்தில், பியெர்ஃபோன் என்ற மற்றொரு சிற்றூரில் புதுக்கோட்டை ஒன்றையும் எழுப்பிக்கொண்டிருந்தார். இரு கோட்டைகளும் ஒரே உரிமையாளரின் கைக்கு வந்தன. இரண்டும் பிற்காலத்தில் அரசின் ஆணையால் இடிக்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் இரண்டையும் ஒரே கட்டடக் கலைஞர் தொட்டார். இன்று இரண்டும் தங்கள் மையத்தின் பொறுப்பிலேயே இருக்கின்றன. என் வாதத்தின் நடுப்புள்ளி இந்த இணையே என்பதால், இதை நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

கூசியின் அழிவு 1917இல் தொடங்கியதன்று. 1652இல், அரசுக்கு எதிரான பிரோந்த் கிளர்ச்சியின்போது, அரசின் முதன்மை அமைச்சரான கார்டினல் மஸாரென் ஆணையால் கோட்டையின் காப்புகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. பெருங்கோபுரத்தைச் சூழ்ந்திருந்த காப்புமதில் வீழ்ந்தது. கோபுரத்துக்குள் வைத்த வெடி மூன்று வளைகூரைகளையும் கீழிருந்து மேலாகத் துளைத்துக்கொண்டு போயிற்று. ஆனால் சுவர் அசையவில்லை. பீரங்கிக் குழலுக்குள் வெடித்த மருந்து குழலைப் பிளக்காமல் வாய்வழியே வெளியேறுவதுபோல அது நிகழ்ந்தது. 1692இன் நிலநடுக்கம் சுவரில் நெடும்பிளவை உண்டாக்கியது. புரட்சிக்குப் பின் ஊரார் தம் வீடுகளுக்குக் கல்லெடுக்கும் இடமாகக் கோட்டை மாறியது. 1829இல், பின்னாளில் மன்னரான லூயி-பிலிப் அதை 6,000 பிராங்குக்கு வாங்கினார்.

அதன்பின் வந்த வியொலே-லெ-தூக்கின் செயலைத்தான் நான் மிகுந்த மதிப்போடு நினைக்கிறேன். 1850களின் நடுப்பகுதியில் அவர் கூசியில் செய்தது இவ்வளவே: பிளவுகளை அடைத்தார், கோபுரத்தின் மேற்பகுதியை இரும்பு வளையங்களால் இறுக்கினார், அளந்தார், வரைந்தார். கட்டடக்கலை பற்றிய தம் பெரும் அகராதியில் இக்கோபுரத்தின் குறுக்குவெட்டை அவர் பதிந்து வைத்ததால்தான் அதன் உட்புறத்தை நாம் இன்று இவ்வளவு நுணுக்கமாக அறிகிறோம். அதே ஆண்டுகளில், 1857 முதல், மூன்றாம் நெப்போலியனின் விருப்பப்படி பியெர்ஃபோனில் அவர் செய்தது முற்றிலும் வேறு. 1617இல் இடிக்கப்பட்டுக் கிடந்த கோட்டையை அவர் கோபுரங்கள், கூரைகள், சிலைகள், வண்ணச் சுவர்கள் என முழுமையாக எழுப்பினார். அவர் 1879இல் இறந்த பின்னும் 1885 வரை பணி தொடர்ந்து, முற்றுப்பெறாமலே நின்றது. ஒரு கட்டடத்தைச் சீரமைப்பதென்பது, எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு முழுமைக்குக்கூட அதைக் கொண்டுவருவதாகலாம் என்று அவரே எழுதியிருக்கிறார். பியெர்ஃபோன் அந்தக் கொள்கையின் அழகான விளைவு. அங்கே நாம் காண்பது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் கனவை. அக்கனவுக்கு உரிய மதிப்பு உண்டு. ஆனால் அந்தச் சுவர்களில் 15ஆம் நூற்றாண்டுக் கல் எது, 19ஆம் நூற்றாண்டுக் கல் எது என்று பிரித்தறிய ஒரு வருகையாளருக்குப் பயிற்சி வேண்டும். கூசியில் அந்தச் சிக்கல் இல்லை. அங்கே ஒவ்வொரு கல்லும் தன் காலத்தைத் தானே சொல்கிறது.

இனி 1917. முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படைகள் இந்தப் பகுதியைப் பிடித்து வைத்திருந்தன. அவ்வாண்டு மார்ச்சில் அவை பின்னிருந்த அரண்வரிசைக்குத் திட்டமிட்டுப் பின்வாங்கியபோது, விட்டுச்செல்லும் நிலத்தில் பாலங்களையும் வீடுகளையும் கிணறுகளையும் பழமரங்களையும் அழித்துச் சென்றன. கூசிக் கோட்டையை விட்டுவைக்குமாறு அப்பகுதிப் படைகளின் தலைவரான பவேரிய இளவரசர் ருப்ரெஷ்ட் கேட்டுக்கொண்டும், தளபதி லுடென்டார்ஃபின் ஆணை மாறவில்லை. பெருங்கோபுரத்துக்கு மட்டும் 28 டன் வெடிமருந்து வைக்கப்பட்டது. மூலைக் கோபுரங்கள் நான்கும் உடன் வீழ்ந்தன. ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் நின்று, மஸாரெனின் வெடியையும் நிலநடுக்கத்தையும் தாங்கிய சுவர் கல்மலையாகச் சரிந்தது. அடுத்த மாதமே அந்த இடிபாடுகள் காட்டுமிராண்டித்தனத்தின் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டன. போர் இழப்பீட்டுத் தொகையிலிருந்து மூலைக் கோபுரங்களின் இடிபாடுகள் அகற்றப்பட்டு, சுவர்கள் உறுதிப்படுத்தப்பட்டன. பெருங்கோபுரத்தின் கற்குவியலை மட்டும் கிடந்தபடியே விட்டார்கள். போரில் தகர்ந்த ஊர் 1920களில் மீண்டும் கட்டப்பட்டது. ஊர் எழுந்தது, கோபுரம் எழவில்லை. அந்த முடிவை எடுத்தவர்கள் சோம்பலாலோ பணமின்மையாலோ மட்டும் அதைச் செய்யவில்லை. எதைக் கட்ட வேண்டும், எதைக் கட்டக்கூடாது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள் என்றே நான் கருதுகிறேன்.

மறுகட்டுமானத்தை விரும்புவோர் வைக்கக்கூடிய வாதங்களை நான் இலேசாகக் கருதவில்லை. அளவுகள் கையில் உள்ளன. போருக்கு முந்தைய ஒளிப்படங்கள் உள்ளன. கற்களே அங்கு கிடக்கின்றன. வேலைவாய்ப்புக் குறைந்த ஒரு நாட்டுப்புறத்துக்கு இருபது முப்பது ஆண்டு வேலையும் வருகையாளர்களும் கிடைப்பார்கள். வார்சா மக்கள் தரைமட்டமான தங்கள் பழைய நகரத்தைச் செங்கல் செங்கலாக எழுப்பியதை உலகமே பாராட்டியதே என்றும் கேட்கலாம். வார்சாவில் எழுந்தது மக்கள் மீண்டும் குடிபுகுந்த நகரம். நோத்ர்-தாம் வழிபாடு நடந்துகொண்டிருந்த கோவில். அதன் சுவர்களும் கோபுரங்களும் நின்றுகொண்டிருக்க, எரிந்த கூரையையும் சரிந்த பகுதிகளையும் திரும்ப வைத்தார்கள். கூசியில் திரும்பி வருவதற்கு எந்த வாழ்வும் காத்திருக்கவில்லை. அங்கே எழுப்பப்படுவது ஒரு பிரபுவின் செருக்கைப் பறைசாற்றிய கோபுரத்தின் உருவம் மட்டுமாக இருக்கும். அதைக் கட்ட வேண்டுமானால் முதலில் அந்தக் கற்குவியலை அகற்ற வேண்டும். அகற்றினால், 1917 மார்ச்சில் நடந்ததற்கு அந்த நிலத்தில் இருக்கும் மிகப் பெரிய சான்றை நாமே அழித்தவர்களாவோம். பியெர்ஃபோன் இருக்கும்போது இரண்டாவது பியெர்ஃபோன் நமக்கு எதற்கு?

ஆகவே தங்கள்முன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

பெருங்கோபுரத்தின் கற்குவியலை, அகற்றவோ அடுக்கவோ வேண்டிய இடிபாடாகக் கொள்ளாமல், கோட்டையின் ஓர் உறுப்பாகவே பாதுகாப்புத் திட்டங்களில் ஏற்க வேண்டும். இப்பகுதியின் சுண்ணாம்புக்கல் நீரை உறிஞ்சும். உறிஞ்சிய நீர் பனிக்காலத்தில் உறையும்போது கல் வெடிக்கும். இடுக்கில் வேர்விட்ட செடி அந்த வெடிப்பை அகலப்படுத்தும். கூரையை இழந்த சுவருக்கு மேல்விளிம்பே மிக நலிந்த பகுதி. இருபத்தெட்டு டன் வெடிமருந்துக்குப் பின்னும் எஞ்சியதை நாம் ஒரு செடிக்கும் பனிக்கும் இழந்துவிடக் கூடாது. புகழ் தேடித்தராத இந்த அன்றாடப் பராமரிப்புக்கு, திறப்புவிழா நடத்தத்தக்க பணிகளுக்கு ஒதுக்குவதற்கு முன்னரே பணம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது, வரலாற்றைச் சொல்லும் முறை. 1917ஐ மட்டும் சொன்னால் கேட்பவருக்குக் கோபம் எளிதாக வரும். எதிரியின் கை ஒன்றே இக்கோட்டையை அழித்ததாக அவர் எண்ணிச் செல்வார். மஸாரெனின் ஆணையும், கல்லெடுத்துச் சென்றவர்களின் வண்டிகளும் அதே கதையின் பகுதிகள். ஓர் அரசு தன் நாட்டுக் கோட்டையை ஏன் தகர்த்தது, ஓர் ஊர் தன் கோட்டையை எப்படித் தின்றது, ஓர் அந்நியப் படை அதை எதற்காக வீழ்த்தியது என்று மூன்றையும் ஒரே மூச்சில், ஒரே இடத்தில், வருகையாளருக்குக் காட்டுங்கள். ருப்ரெஷ்டின் மறுப்பையும் அதில் சேருங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒருவர் அதை வேண்டாமென்று சொன்னார் என்பது அந்த அழிவைச் சிறிதாக்காது. அது தவிர்த்திருக்கக்கூடிய ஒன்று என்பதையே காட்டும்.

கோபுரத்தின் அளவை உணர்த்துவதற்குக் கல்லின்மேல் கல் வைக்கத் தேவையில்லை. பழைய லூவ்ரின் பெருங்கோபுரம் இருந்த வட்டத்தைப் பாரிசில் அருங்காட்சியகத்தின் முற்றத் தளத்தில் கோடிட்டுக் காட்டியிருக்கிறார்கள்; அதன்மேல் நடந்து கடக்கும்போது எந்தப் படமும் தராத உணர்வு கிடைக்கிறது. கூசியின் வெளிமுற்றத்தில், கற்குவியலைத் தொடாமல், 31 மீட்டர் வட்டம் ஒன்றைத் தரையில் வரைந்து, அதற்குள் லூவ்ர் கோபுரத்தின் 15 மீட்டர் வட்டத்தையும் வரைந்தால் போதும். பள்ளிப் பிள்ளைகள் அதன்மேல் ஓடியே ஆங்கெரானின் எண்ணத்தைப் புரிந்துகொள்வார்கள்.

கடைசியாக, கூசியையும் பியெர்ஃபோனையும் ஒரே பயணமாகத் தாருங்கள். இரண்டுக்கும் இடையே காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஒரே நுழைவுச்சீட்டில், ஒரே கையேட்டுடன், காலையில் வியொலே-லெ-தூக் எழுப்பிய கோட்டையையும் மாலையில் அவர் இறுக்கிக்கட்டி நிறுத்த முயன்ற கோட்டையையும் ஒருவர் பார்க்க முடிந்தால், பழங்கட்டடங்களை என்ன செய்வது என்ற கேள்வியில் பிரான்சு 150 ஆண்டுகளாக நடத்திவரும் விவாதம் முழுவதும் அவர் கண்முன் நிற்கும். பியெர்ஃபோனுக்கு வரும் கூட்டத்தில் ஒரு பங்கு கூசிக்கும் வந்தால், கோபுரத்தை எழுப்பாமலேயே அச்சிற்றூரின் கடைகளும் விடுதிகளும் பயன்பெறும். வேலைவாய்ப்பு பற்றிய நியாயமான கவலைக்கு அதுவும் ஒரு விடை. இந்த இணைப்பயணத்தை வரும் கோடைக்காலத்துக்குள்ளாவது தொடங்கிப் பார்க்கலாமா என்று தங்கள் மையமும் இரு ஊராட்சி மன்றங்களும் கூடிப் பேசி, முடிவைப் பொதுவில் அறிவிக்குமாறு வேண்டுகிறேன்.

மிக்க மதிப்புடன்,
பாரிசு வட்டாரத்தில் வாழும், பழங்கட்டடங்களில் ஆர்வமுள்ள ஒரு தமிழர்